'நீ' சொல்லாதவர்

சிங்கப்பூரில், தேக்காவின் கெர்பாவ் ரோட்டில் நாங்கள் குடியிருந்தபோது, பால்காரரின் மாடு ஒன்று அடிக்கடி கடைகளின் முன்னால் உள்ள நடைபாதையை மறித்துப் படுத்திருக்கும். சிலர் அதைக் காலால் உந்துவார்கள். சிலர் வைதுகொண்டே தெருவில் இறங்கிச் சுற்றிப் போவார்கள். பக்கத்து வீட்டு மாடியில் முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்த அவர் மட்டும் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி அதன் எதிரில் நின்று, "கொஞ்சம் நகர்றீங்களா?" என்பார். அதில் கிண்டல் இருக்காது. மாடு நகராது. சற்றுக் காத்திருந்துவிட்டு, அதற்கு இடைஞ்சல் இல்லாமல் சுவரோரமாக ஒதுங்கிப் போவார்.

எங்கள் தெருவில் அவருக்கு 'நீங்க சார்' என்று பெயர். சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் எனக்குத் தெரிந்து எவருமில்லை. நான் மட்டும் இப்போது தொடங்குவானேன்?

சலவைக்காரர், பழைய பேப்பர் கேட்டு வரும் சீனக் கிழவர், எதிர்வீட்டுத் தொட்டிலில் வீறிட்டு அழும் பிள்ளை என்று எல்லாருமே அவருக்கு 'நீங்க'தான். கோபம் வந்தால் குரல் தணியுமே தவிர 'ங்க' போகாது. ஒருமுறை பேருந்தில் அவருடைய சட்டைப்பையில் கைவிட்டவனைப் பிடித்துவிட்டார். "கைய எடுங்க" என்றார். அவனே ஒரு கணம் திகைத்துப் போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தான்.

நான் பள்ளி முடித்து, தட்டச்சும் சுருக்கெழுத்தும் பழகிக்கொண்டு வேலைக்குக் காத்திருந்தேன். ஒரு நாள் அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார்: "எங்க மன்றத்துல டைப்பிஸ்ட் வேல காலியா இருக்கு. உங்க மகளுக்கு விருப்பம்னா மனுப் போடச் சொல்லுங்க. நான் சிபாரிசு பண்ண மாட்டேன். டெஸ்ட்ல அவங்க பாஸ் பண்ணாப் போதும்."

என்னை ஒருவர் 'அவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த நான் என்னையறியாமல் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். அம்மா உள்ளே வந்து, "அவங்களாமில்ல, அவங்க! போங்க மகாராணி, போய் அரிசி களையுங்க" என்று சிரித்தாள்.

அது ஐம்பதுகளின் பின்பாதி. ஊர் தன்னைத் தானே ஆளப்போகிறது என்ற பேச்சு எல்லாக் கோப்பிக் கடைகளிலும் நுரைத்துக்கொண்டிருந்தது. நகருக்கு வெளியே வட்டார மன்றங்கள் இருந்தன. டெஸ்டில் பாஸாகி நான் வேலைக்குச் சேர்ந்த எங்கள் மன்றம் பஸ் கடைசியாக நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால், தகரக் கூரை போட்ட ஒரு பலகைக் கட்டடத்தில் இருந்தது. பின்பக்கம் பன்றிப் பண்ணை. காற்று திரும்பினால் கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டியிருக்கும்.

உறுப்பினர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். சீனர்கள், மலாய்க்காரர்கள், இரண்டு தமிழர்கள், தலைவராக ஒரு யூரேசிய வழக்கறிஞர். நாலு மொழியிலும் பேசலாம் என்று அனுமதித்திருந்தார்கள். பேசினார்கள். சண்டை ஒரு சாக்கடைக்காகத் தொடங்கும். முடியும்போது யார் யாரை என்ன சொன்னார் என்பதில் வந்து நிற்கும். மறுநாள் காலை 'இன்னார் என்னை மரியாதைக் குறைவாகப் பேசினார்' என்று புகார் வரும். அந்தப் புகார்களெல்லாம் மன்ற அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த நீங்க சாரின் மேசைக்கு வரும். அவர்தான் முதலில் விசாரிக்க வேண்டும். சமாதானம் ஆகாவிட்டால் ஒழுங்குக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. புகார் கொடுத்தவரை எதிரில் உட்காரவைத்து, "எழுதினதெல்லாம் இருக்கட்டும். அவர் எப்படிச் சொன்னாரோ, அதே மாதிரி ஒரு தடவ என்னைப் பாத்துச் சொல்லிக் காட்டுங்க" என்பார். பெரும்பாலானவர்களுக்கு அது வராது. இப்படிக் கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைப் பார்த்து எப்படி அந்தச் சொல்லைச் சொல்வது? வாயைத் திறப்பார்கள், மூடுவார்கள், சிரித்துவிடுவார்கள். "அட, விடுங்க லா" என்று எழுந்து போய்விடுவார்கள். பாதிப் புகார்கள் அந்த நாற்காலியிலேயே முடிந்துவிடும்.

ஒரு மலாய் உறுப்பினர், தன்னைச் சீன உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் அவமதித்துவிட்டார் என்று கொதித்துக்கொண்டு வந்தார். என்ன சொன்னார் என்று கேட்டால், ஒன்றும் சொல்லவில்லை, ஆள்காட்டி விரலை நீட்டிப் பேசினார் என்றார். மலாய்க்காரர்கள் ஆளைச் சுட்டும்போது கட்டைவிரலைத்தான் காட்டுவார்கள். சீனருக்கு அது தெரியாது. நீங்க சார் அந்தச் சீனரின் பலசரக்குக் கடைக்கே போய், மூட்டைமேல் உட்கார்ந்து, மற்ற விரல்களை மடக்கிக் கட்டைவிரலை மேலே வைத்துச் சுட்டுவது எப்படி என்று செய்து காட்டினார். அடுத்த கூட்டத்தில் அந்தச் சீனர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவதற்குக்கூடக் கட்டைவிரலை நீட்டினார். மலாய் உறுப்பினர் எழுந்து நின்று சிரித்தார். அன்று எல்லாரும் சேர்ந்து கோப்பி குடித்தார்கள். அவரையும் கூப்பிட்டார்கள். "நீங்க குடிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

எப்போதும் இப்படித்தான். எல்லாருக்கும் அவர்மேல் மதிப்பு உண்டு. ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட எவருக்கும் தோன்றாது. மதியம் ஜன்னலோரம் தனியாக டிபன் கேரியரைத் திறப்பார். அலுவலகத்தில் கலகலவென்று சிரித்துக்கொண்டிருப்பவர்கள் அவர் வந்ததும் சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார்கள். பேருந்தில் இருவரும் ஒரே நிறுத்தத்தில் ஏறி ஒரே நிறுத்தத்தில் இறங்குவோம். நடுவில் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவருக்கு மனைவி இருந்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த அம்மாளும் அந்த முன்னறையில்தான் இருந்தார். மத்தியானங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வார். ஒரு நாள் அவர் சொன்னதை அம்மா பல வருஷம் கழித்துக்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "குடிக்கிறதில்ல, அடிக்கிறதில்ல, தங்கமான மனுசன்தான் அக்கா. ஆனா கல்யாணமாகி இத்தன வருசத்துல, 'ஏய், இங்க வாடி'ன்னு ஒரு நாளு கூப்பிட்டதில்ல. சண்ட போட்டாக்கூட 'நீங்க சொல்றது தப்புங்க'ன்னுதான் போடுறாரு. யாரோ வீட்டுக்கு விருந்தாளியா வந்து திரும்பிப் போக மறந்துட்ட மாதிரி இருக்கு எனக்கு."

பிள்ளைகள் இல்லை. ஈப்போவில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு நாள் அந்த அம்மாள் கிளம்பிவிட்டார். தஞ்சோங் பகார் ரயில் நிலையம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அப்பாவும் உடன்போனார். ரயில் ஜன்னலுக்கு வெளியே நின்று, "பத்திரமா போயிட்டு வாங்க" என்றாராம் அவர். அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "'போகாதே'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, எறங்கிடுறேன். 'போகாதீங்க'ன்னு வேணாம். 'போகாதே'ன்னு சொல்லுங்க" என்றாராம். அப்பா நகர்ந்து நின்றுகொண்டார். நீங்க சாரின் வாய் அசைந்ததைப் பார்த்தாராம். சத்தம் வரவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

"சொல்லியிருக்கலாம்லடி. ஒத்த சொல்லு" என்பாள் அம்மா. "அந்த ஆளு பிளாட்பாரத்துல நின்ன மாதிரி நான் யாரையும் பாத்ததில்ல" என்பார் அப்பா, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது தண்ணீர்க் குழாய் விவகாரத்தை.

மன்றத்தில் இரண்டு தமிழர்கள் என்றேன். ஒருவர் மொத்த வியாபாரி. கடை, வீடுகள், தென்னந்தோப்பு என்று வட்டாரத்தில் பாதி அவருடையது. எல்லாரும் முதலாளி என்பார்கள். இன்னொருவர் சாலை போடும் கூலிகளுக்குத் தலைவராக இருந்தவர். மண்டோர் என்று கூப்பிடுவார்கள். அவர் குடியிருந்த கம்பத்தில், அதாவது கிராமத்தில், அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள்தான். குழாய் கிடையாது. பெண்கள் மண்ணெண்ணெய்த் தகரங்களைத் தூக்கிக்கொண்டு பெரிய சாலையைத் தாண்டிப்போய்த் தண்ணீர் பிடித்துவருவார்கள். குழாய் கொண்டுவருகிறேன் என்று சொல்லித்தான் மண்டோர் ஓட்டுக் கேட்டார். குழாய் வர வேண்டுமானால் முதலாளியின் தோப்பு ஓரமாகப் பள்ளம் தோண்ட வேண்டும். முதலாளிக்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் மண்டோர் ஒவ்வொருவராகப் பேசிப் பேசி, ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறும் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

முதலாளி மண்டோரை முதல் கூட்டத்திலிருந்தே 'நீ' என்றுதான் பேசுவார். "என்னப்பா, நீ என்ன சொல்றே?" "நீ உக்காரு, பெரியவங்க பேசட்டும்." மண்டோர், "சரிங்க முதலாளி" என்று உட்காருவார். தமிழ் தெரியாத மற்றவர்களுக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் நீங்க சார் ஒவ்வொரு முறையும் பேனாவைக் கீழே வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

குழாய்த் தீர்மானம் வந்த அன்று மண்டோர் பேசிக்கொண்டிருக்கும்போது முதலாளி குறுக்கே எழுந்தார். "நீ என் நெலத்துல கை வைக்காதே" என்றார். மண்டோர் திரும்பினார்.

"நீ உக்காரு" என்றார். "ஒன் தென்ன மரம் ஒண்ணும் சாஞ்சிடாது. நீ மொதல்ல உக்காரு."

முதலாளி உட்காரவில்லை. அப்படியே நின்றார். சீன, மலாய் உறுப்பினர்கள் என்ன நடந்தது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார். மறுநாள் புகார் வந்துவிட்டது.

நீங்க சார் முதலாளியிடம் வழக்கம்போல, "அவர் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுங்க" என்றார். முதலாளிக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்து, "நீ உக்காரு" என்றார். எவ்வளவு பழகிய சொல் அது அவருக்கு!

சாயங்காலம் மண்டோர் வீட்டுக்குப் போனோம். குறிப்பெடுக்க என்னையும் அழைத்துப் போயிருந்தார். மண்டோர் ஒரு பலகையை இழுத்துப் போட்டார்.

"ரெண்டு வருசமா அவரு என்னைய அப்படித்தான் கூப்புடுறாரு. நான் ஒரு தடவ திருப்பிச் சொன்னேன். அவருக்கு மட்டும் சுடுதா?"

"அப்போ நீங்களும் புகார் குடுங்க" என்றார் அவர். "ரெண்டையும் சேர்த்து விசாரிக்கலாம்."

"குடுக்க மாட்டேன்."

"ஏங்க?"

"கமிட்டி முன்னால நின்னு, இவரு என்னைய நீன்னாரு, எனக்கு வலிச்சிச்சின்னு அழுவணுமா சார்? நான் சரிங்க முதலாளின்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தத இங்கிலீசுல எழுதி வாசிப்பாங்க. எங்க பயலுவ கேப்பாங்க. மாட்டேன்."

"மன்னிப்புக் கேட்டா இங்கேயே முடிஞ்சிரும்."

"அதுவும் மாட்டேன்."

அவர் வற்புறுத்தவில்லை. எழுந்து, "உங்க இஷ்டங்க" என்று கும்பிட்டார்.

ஒழுங்குக் குழு கூடியது. தலைவர், ஒரு சீன உறுப்பினர், ஒரு மலாய் உறுப்பினர். மூவருக்கும் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்புக்கு அவர்தான். நான் சுருக்கெழுத்து. முதலாளி ஒரு பக்கம், மண்டோர் ஒரு பக்கம்.

தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "புகாரில் உள்ள அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?"

"யூ" என்றார் அவர்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "யூ? அவ்வளவுதானா? 'யூ சிட் டவுன்' என்று சொன்னது ஒரு குற்றமா?" மலாய் உறுப்பினர் சிரித்தார். சீன உறுப்பினர் மணி பார்த்தார். மண்டோர் தலை நிமிர்ந்தார். அந்த இடத்தில் நீங்க சார் பேசாமல் இருந்திருந்தால் போதும். கோப்பை மூடியிருப்பார்கள். சொன்னது பொய்யும் இல்லை. என் பென்சில் தாளின்மேல் நின்றுகொண்டிருந்தது.

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, எங்கள் மொழியில் அதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று மதித்துச் சொல்வது. மற்றது நெருங்கியவர்களிடம் சொல்வது, அல்லது தாழ்த்திச் சொல்வது. இவர்கள் இருவரும் நெருங்கியவர்கள் அல்ல."

"அப்படியானால் அது அவமதிப்பா?"

"அன்று சொன்னது அவமதிப்புதான்." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "இதையும் சொல்ல வேண்டும். புகார் கொடுத்தவர் இவரை ஒவ்வொரு கூட்டத்திலும் அதே சொல்லால்தான் அழைத்துவந்திருக்கிறார்" என்றார்.

"அதற்குப் புகார் உண்டா?"

"இல்லை."

"அப்படியானால் அது நமக்கு வேண்டாம்" என்ற தலைவர் என் பக்கம் திரும்பி, "கடைசியாகச் சொன்னதை நீக்கிவிடுங்கள்" என்றார். நான் அந்த வரியின் மேல் கோடு போட்டேன்.

மண்டோர் அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு வரக்கூடாது என்று தீர்ப்பு. முதல் கூட்டத்திலேயே குழாய்த் தீர்மானம் இரு பக்கமும் சமமாகி, தலைவரின் ஓட்டில் தோற்றது. கேட்காததைப் பேசினார் என்று முதலாளி கொடுத்த இன்னொரு புகாரில் நீங்க சாருக்கும் ஓர் எச்சரிக்கை வந்தது. அதை அவரே பதிவு செய்துகொண்டார்.

குழு கூடிய அன்று, திரும்பும் பேருந்தில் என்னால் அடக்க முடியவில்லை. "'யூ'ன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கலாமே சார்."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவராம். அம்மா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். "எல்லாரும் எங்கம்மாவ ஏய், நீ, இவளேன்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு நாள் காலு வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. மருந்து குடுக்கப் புதுசா வந்த டிரஸ்ஸர் ஒருத்தர் 'உக்காருங்கம்மா'ன்னுட்டாரு. அம்மா திரும்பிப் பாத்தாங்களாம், பின்னால யாரு நிக்கிறாங்கன்னு. வீட்டுக்கு வந்து அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா அடுப்புப் பக்கம் திரும்பி அழுதுகிட்டிருந்தாங்க." என் பக்கம் திரும்பினார். "அந்தச் சொல்லுல ஒண்ணுமில்லன்னு நான் இன்னைக்குச் சொல்லிட்டா, எங்கம்மாவுக்கு நடந்ததும் ஒண்ணுமில்லன்னு ஆயிடும். மண்டோருக்கு நடந்ததும் ஒண்ணுமில்லன்னு ஆயிடும். எப்படிங்க சொல்றது?"

அப்போது எனக்கு அது சரி என்றுதான் பட்டது. அதையே மண்டோரிடமும் சொல்ல வேண்டும் என்று, தீர்மானம் தோற்ற மறுநாள் அவர் கம்பத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். மண்டோர் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. அவர் மனைவிதான் வாசலில் நின்றார். இடுப்பில் தகரம், முந்தானை நனைந்திருந்தது. நீங்க சார் சொன்னதையெல்லாம் முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொல்றது எனக்கு வெளங்கலங்க சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. "படிச்சவங்களுக்கு வெளங்கும்போல. எனக்குத் தெரிஞ்சது, நீங்க பேசாம இருந்திருந்தா எங்க வாசலுக்குத் தண்ணி வந்திருக்கும்."

நீங்க சார் அவரைக் கும்பிட்டுவிட்டு நடந்தார். திரும்பும் வழியில் பெரிய சாலைக் குழாயடியில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களைக் கடக்கும்போது குடையை விரித்துக்கொண்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

அதன் பிறகு தேக்காவரை அந்தக் கதை வந்துவிட்டது. வெள்ளைக்காரச் சட்டத்துக்குத் தமிழனைக் காட்டிக் கொடுத்தவர் என்றார்கள். முதலாளியின் சோற்றைத் தின்றவர் என்றார்கள். தீபாவளிக்கு முதலாளி அனுப்பிய பழக்கூடையைக் கொண்டுவந்தவரிடமே, "சொமந்து வந்தீங்க, மன்னிச்சுக்குங்க" என்று திருப்பி அனுப்பினாரே, அதை எவரும் பேசவில்லை. சரபத் டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்தார்கள். தெருமுனையில் நிற்கும் இளவட்டங்கள், "என்னடா, நீங்க சார்" என்று உரக்கக் கூப்பிட்டார்கள். அவர் நின்று, திரும்பி, "சொல்லுங்க" என்பார். அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். தடை முடிந்து மண்டோர் மன்றத்துக்குத் திரும்பிய நாளிலிருந்து, முதலாளி அவரை 'நீ' என்று சொல்லவேயில்லை. அவமதிப்பு என்று எழுத்தில் ஏறிவிட்ட சொல் அல்லவா? முதல் முறை தடுமாறி, "நீ... நீங்க சொல்லுங்க" என்றார். மண்டோர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார். நான் பின்னால் திரும்பி மூலையில் இருந்த மேசையைப் பார்த்தேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கொஞ்ச காலத்தில் வட்டார மன்றங்களையே கலைத்துவிட்டார்கள். புதிய அரசாங்கம் அந்தக் கம்பத்துக்குக் குழாய் போட்டது, வேறு வழியாக. நீங்க சாரை நகரத்தில் ஓர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே புகார் ஏதும் இல்லை, பழைய கோப்புகளை அடுக்கும் வேலை. நான் கல்யாணமாகி குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டேன். அம்மாவைப் பார்க்கத் தேக்கா போகும்போது அந்த முன்னறை ஜன்னலைப் பார்ப்பேன். சில சமயம் அவர் நின்றுகொண்டிருப்பார். கையைத் தூக்கிக் கும்பிடுவார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என் கணவர் வானொலியைக் குறைத்துவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பேச்சு ஓடவில்லை. அப்போதுதான் என் மகள், நாலு வயது, உள்ளேயிருந்து ஓடிவந்து அவர் முழங்காலில் கைவைத்து நின்றாள்.

"நீ யாரு?"

"ஏய், மரியாதையா பேசு! நீங்கன்னு சொல்லு" என்று எழுந்தேன். அவர் கையைத் தூக்கி என்னைத் தடுத்தார்.

"திட்டாதீங்க. அவங்க பேசட்டும்."

"நீ ஏன் தனியா வந்தே? ஒன் வூட்டுல யாரும் இல்லியா?"

"இல்லைங்க."

"ஏன்?"

அவர் யோசித்தார். மன்றத்தில் கேள்வி கேட்டால் எப்படி யோசிப்பாரோ அப்படி. "எனக்கு யாரையும் கூப்பிடத் தெரியலைங்க" என்றார்.

"எனக்குத் தெரியுமே. நீ இங்க வா. கீழ உக்காரு" என்று அவர் விரலைப் பிடித்து இழுத்தாள். அவர் நாற்காலியை விட்டிறங்கி, சிமெண்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவள் ஒரு தகர டப்பா நிறைய சோழிகளைக் கொட்டினாள். "நீ தப்பா வெளையாடுறே" என்று அவர் கையில் அடித்தாள். "அப்படிங்களா? நீங்க சொல்லித் தாங்க" என்றார்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை வந்தார். என்னிடமும் என் கணவரிடமும் நலம் விசாரித்துவிட்டு நேரே தரையில் போய் உட்கார்ந்துவிடுவார். அவளும் அவரும் பேசிக்கொள்வதை நான் அடுப்படியிலிருந்து கேட்பேன். அவள் நீ, வா, போ என்பாள். அவர் நீங்க, வாங்க, போங்க என்பார்.

ஒரு வருஷம் போலிருக்கும். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக, அவர் அறைக்குக் கீழே இருந்த கடைக்காரர் அம்மாவிடம் சொன்னாராம். மாலையில் ஓடினோம். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடவில்லை. கணவர் மகளோடு கீழே மரத்தடியில் நின்றுகொண்டார். நான் மட்டும் மேலே போனேன்.

ஜன்னலையொட்டிய கட்டில். மெலிந்திருந்தார். மற்றக் கட்டில்களைச் சுற்றி உறவினர்கள், கஞ்சிப் பாத்திரங்கள். இவருடைய கட்டிலருகே நாற்காலி காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று முடியாமல், "வாங்க, உக்காருங்க" என்றார். பிறகு என் பின்னால் பார்த்தார். "அவங்க வரலையா?"

"உள்ள விடலை சார். கீழ நிக்கிறா."

"அப்படிங்களா. சரிங்க." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அப்போது கீழேயிருந்து என் மகளின் குரல் கேட்டது. அவள் அப்பா வாயைப் பொத்தப் பார்த்திருக்க வேண்டும், பாதி அடங்கி மறுபடியும் ஓங்கி எழுந்தது.

"ஏய்! நீ எங்க இருக்கே? நீ வெளிய வா!"

பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தாதி முகம் சுளித்தாள். அவர் மெல்லத் திரும்பினார். இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "என்னைத்தான் கூப்பிடுறாங்க" என்றார். "கொஞ்சம் கை குடுக்குறீங்களா?"

தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தேன். ஜன்னல் சட்டத்தை எட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே குனிந்தார்.